பழைய விராவுக்கு அடுத்து எந்த வண்டி?

வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வரும் கடிதங்களில் ஒரே கவலை திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. வீட்டில் நிற்கும் வண்டிக்கு வயதாகிவிட்டது, கையில் பணம் அளவாகத்தான் இருக்கிறது, எதை நம்பி வாங்குவது? அந்தக் கடிதங்களை மட்டும் சேர்த்து இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: என்னிடம் 2001-ஆம் ஆண்டு புரோட்டோன் விரா 1.5 ஆட்டோ இருக்கிறது. இன்னும் 2,000 வெள்ளி போட்டால் இரண்டு வருஷம் தாராளமாக ஓடும் என்கிறார் எங்கள் வண்டியைப் பழுது பார்க்கும் ஃபோர்மன். விற்றுவிடுங்கள் என்கிறான் மகன். எங்கள் வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு வர இரண்டு கிலோமீட்டர் செம்மண் சாலை. வீட்டுக்காரம்மாவை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு ஈப்போ அழைத்துப் போகிறேன். கையில் 25,000 வெள்ளி உள்ளது. இந்த வயதில் கடன் வேண்டாம். என்ன வாங்கலாம்?
– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் மாற்றச் சொல்கிறோம். சிகிச்சை முடிந்து களைத்து வரும் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு, பெரிய ரோட்டு ஓரத்தில் போனட்டைத் திறந்து நிற்கும் நிலை உங்களுக்கு வரக் கூடாது. விராவைக் குறை சொல்லவில்லை. அதன் 4ஜி15 இஞ்சினுக்குச் சாமான் இன்றும் சுலபமாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஆனால் இஞ்சினைச் சரி செய்துவிட்டாலும் 25 வருட ஒயரும் ரப்பர் குழாயும் பழசாகவேதான் இருக்கும். ஃபோர்மனிடம் அந்த 2,000 வெள்ளியில் எதெது மாறும் என்று எழுதி வாங்குங்கள். பிறகு முன் அப்சோர்பர் மேலே பொருந்தும் இடத்தையும், கால் மிதியடிக்குக் கீழே தரையையும், பின் சக்கரத்தின் உள்வளைவையும் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு அரித்துத் தகடு உதிர்ந்தால் அந்த வண்டிக்கு இனி ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். 25,000-ஐயும் வண்டி விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். 3,000 வெள்ளியை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். இன்சூரன்ஸும் ரோட் டேக்ஸும் அதிலிருந்துதான் போக வேண்டும். பழைய வண்டி எதுவானாலும் முதல் மாதத்திலேயே இஞ்சின் எண்ணெய், ஃபில்டர், கியர் எண்ணெய், பிரேக் எண்ணெய், கூலண்ட் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும், போன சொந்தக்காரர் எப்போது மாற்றினார் என்பது யாருக்கும் தெரியாது. நான்கு டயரும் பேட்டரியும் சேர்ந்துகொண்டால் 1,000 வெள்ளி தனியாகப் போகும். ஆக நீங்கள் தேட வேண்டிய விலை 21,000, மிஞ்சினால் 22,000.

இந்த விலைக்கு உங்கள் வேலைக்குப் பொருந்துவது பெரோடுவா மைவியின் இரண்டாம் தலைமுறை, 1.3 ஆட்டோ. 2011 முதல் 2017 வரை வந்தது. அதில் 2014-க்குப் பிந்தியதாகப் பாருங்கள். இருக்கை கொஞ்சம் உயரம், கதவு அகலமாகத் திறக்கும், முட்டி மடக்கச் சிரமப்படுபவர் நேராக உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். அம்மாவைக் கடைக்கே அழைத்துப் போய் இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. சக்கர நாற்காலி எடுத்துப் போகும் நிலை வந்தால் பெசா 1.3 நல்லது. 2016-இல் வந்த வண்டி, பூட் 508 லிட்டர், மடக்கிய நாற்காலி படுத்துக்கொள்ளும். உங்கள் விலைக்குள் ஆரம்ப வருட பெசா ஒன்று அகப்பட்டால் விடாதீர்கள். அக்சியா 1.0 மலிவு, ரோட் டேக்ஸ் வெறும் 20 வெள்ளி. ஆனால் அதன் பூட்டில் நாற்காலி வைக்கப் பின் இருக்கையை மடிக்க வேண்டும், இருவருக்கு மேல் போகும்போது அது ஒத்து வராது.

பெட்ரோல் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஈப்போ போய்வர ஏறக்குறைய 60 கிலோமீட்டர், வாரம் மூன்று முறை, அதோடு பசார், கோயில், கல்யாண வீடு என்றால் மாதம் 1,000 கிலோமீட்டர் ஆகிவிடும். வயதான விரா 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடித்தால், நன்றாகப் பராமரித்த மைவி 6 முதல் 7 லிட்டரில் முடித்துவிடும். மாதம் 30 லிட்டருக்கு மேல் மிச்சம். ரோட் டேக்ஸ் 90 வெள்ளியிலிருந்து 70-க்கு இறங்கும்.

விராவிலிருந்து மாறுபவர்கள் இரண்டு விஷயத்தைப் பழகிக்கொள்ள வேண்டும். ஒன்று, மைவி, பெசா, அக்சியா மூன்றிலும் டைமிங் பெல்ட் கிடையாது, சங்கிலிதான். குறித்த தூரத்தில் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. ஆனால் எண்ணெய் மாற்றத் தவறினால் சங்கிலியும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் தேய்ந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம் போடும். 10,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது எண்ணெயை மாற்றிவிடுங்கள். நான்கு லிட்டர் டப்பா ஒன்று போதும். இரண்டு, விராவில் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தே ஓட்டியிருப்பீர்கள். இவற்றில் முள் இல்லை. இஞ்சின் ஆறியிருக்கும்போது நீல விளக்கு எரியும், சூடானதும் அணையும், மிதமிஞ்சிச் சூடேறினால் சிவப்பு. சிவப்பு எரிந்த பிறகு 'அடுத்த கடை வரைக்கும் போய்விடலாம்' என்று ஓட்டினால் இஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வளைந்துவிடும், செலவு ஆயிரக்கணக்கில் போகும். அதனால் வாரம் ஒரு முறை, காலையில், இஞ்சின் ஆறியிருக்கும்போது, கூலண்ட் டப்பாவில் அளவைப் பாருங்கள். குறைந்துகொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது. வாட்டர் பம்ப் ஓரத்தில் காய்ந்த உப்பு போல ஒட்டியிருக்கிறதா என்று முதலில் அங்கே தேடுங்கள்.

கேள்வி: ஈப்போவில் ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் 2016 மைவி நிற்கிறது. 58,000 கிலோமீட்டர்தான் ஓடியது, ஒரே சொந்தக்காரர், எக்ஸிடெண்ட் இல்லை என்கிறார்கள். வண்டி பளபளவென்று இருக்கிறது. எனக்கு இஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. எப்படிச் சோதிப்பது?
– தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை

பதில்: பளபளப்பு 200 வெள்ளி பாலிஷில் வந்துவிடும் டீச்சர். அதை மறந்துவிட்டு, இஞ்சின் தெரியாதவரும் செய்யக்கூடிய சோதனைகளை மட்டும் செய்யுங்கள்.

கடைக்கு முன்கூட்டியே போன் செய்து, நான் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் போனட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் அவர்கள் எதையோ மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம். ஆறட்டும், காத்திருங்கள், அல்லது இன்னொரு நாள் வாருங்கள்.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்கள். ஏர்பேக் விளக்கும் இஞ்சின் விளக்கும் முதலில் எரிய வேண்டும். ஏர்பேக் விளக்கு சில வினாடியில் தானே அணையும், இஞ்சின் விளக்கு ஸ்டார்ட் செய்த பிறகு அணையும். எரிந்துகொண்டே இருந்தால் பழுது என்று தெரிந்துவிடும். எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம், விளக்கையே துண்டித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது உங்களோடு வந்தவர் புகைக்குழாய் அருகில் நிற்கட்டும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. அடர்ந்த வெள்ளைப் புகை, கொஞ்சம் இனிப்பு வாடையோடு விடாமல் வந்தால் கூலண்ட் இஞ்சினுக்குள் போகிறது. காலைக் குளிரில் வரும் மெல்லிய நீராவி கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். இஞ்சின் ஆறியிருக்கும்போதே எண்ணெய் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் அந்த வண்டியை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை ஆர்-க்கும் டி-க்கும் மாற்றுங்கள். ஒரு நொடிக்குள் மென்மையாகப் பிடிக்க வேண்டும். தாமதித்து 'டக்' என்று இடித்தால் கியர் பெட்டியிலோ இஞ்சின் மவுண்டிங்கிலோ வேலை இருக்கிறது. ஏர்கோனைப் போட்டு 15 நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, குளிர் குறைகிறதா, சூடு காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். நம் ஊர் வெயிலில், மதியம் ஒரு மணிக்குச் செய்தால் இன்னும் நல்லது. பிறகு காலியான இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். 'டொக் டொக் டொக்' என்று சக்கரத்தோடு சேர்ந்து சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட். மேடு பள்ளத்தில் மட்டும் ஒற்றை 'டொக்' வந்தால் அப்சோர்பர் மவுண்டிங், லோயர் ஆர்ம் புஷ், ஸ்டியரிங் ஷாஃப்ட் இவற்றில் ஒன்று. செம்மண் சாலையில் ஓடிய வண்டிகளில் இவைதான் முதலில் தேயும். இந்தச் சின்னச் சின்ன சாமான்களுக்காக நல்ல வண்டியைக் கைவிட வேண்டாம், விலையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

58,000 கிலோமீட்டர் என்ற கணக்குக்கு வருகிறோம். ஸ்டியரிங்கில் கை படும் இடம் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா, பிரேக் பெடல் ரப்பரின் ஓரம் மழுங்கியிருக்கிறதா, ஓட்டுநர் இருக்கையின் வலது விளிம்பு நைந்திருக்கிறதா என்று பாருங்கள். இவை 1,50,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியின் அடையாளங்கள். சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள், தேதியும் கிலோமீட்டரும் ஏறுமுகமாக வர வேண்டும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. டயர் தேயாமல் இருந்தாலும் ஆறு வருடம் தாண்டியிருந்தால் புது டயர் விலையைக் கழித்துக் கேளுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பது தனிச் சோதனை. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளம் நினைவிருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவி, வாசனை போட்டு, வேறு ஊரில் விற்பவர்கள் இருக்கிறார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை அப்படியே தெரியும். இருக்கையின் அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, பூட்டில் ஸ்பேர் டயர் குழியில் மண் படிவு, ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் படிவு, இந்த மூன்றையும் பாருங்கள். ஒன்று இருந்தாலும் வேண்டாம். ஒயரிங் கெட்டுப்போன வண்டியை யாராலும் முழுசாகச் சரி செய்ய முடியாது.

இடித்த வண்டியா? போனட்டையும் முன் ஃபெண்டரையும் பிடித்திருக்கும் போல்ட் தலைகளில் பெயிண்ட் உரிந்திருந்தால் அவற்றைக் கழற்றியிருக்கிறார்கள். ஃபெண்டர் மட்டும் மாற்றியது பெரிய விஷயமில்லை. ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தில் வெல்டிங் புள்ளிகள் ஒழுங்கற்று இருந்தால், அடி உள்ளே வரை போயிருக்கிறது.

இவ்வளவும் தேறினால் மட்டும் உங்கள் ஃபோர்மனை அழைத்துப் போங்கள். அவருக்கு 100 வெள்ளி கொடுத்தாலும் தகும். ஸ்கேனர் மாட்டிப் பார்க்கும்போது, பழுதுக் குறியீடு எதுவும் இல்லை என்பதோடு விட்டுவிடாமல், குறியீடுகளைச் சமீபத்தில் அழித்திருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனரில் அதுவும் தெரியும். கடைக்காரர் வெளி ஃபோர்மனை அனுமதிக்க மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். சொன்ன வாக்கெல்லாம் ரசீதில் எழுதட்டும். பின்னால் தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் வழக்குப் போடலாம், 50,000 வெள்ளி வரை அங்கே கேட்க முடியும். ஆனால் கையில் எழுத்து இருக்க வேண்டும்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் தன் வண்டியைச் 'சம்போங் பாயார்' முறையில் தருகிறார். முன்பணம் 3,000, பிறகு மாதா மாதம் அவருடைய பேங்க் தவணையை நான் கட்ட வேண்டும். பெயர் மாற்ற வேண்டாமாம். மலிவாகத் தெரிகிறதே?
– செம்பனைத் தோட்ட லோரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம் தம்பி. கடன் முடியும் வரை அந்த வண்டி பேங்கினுடையது. பேங்கின் சம்மதமில்லாமல் அதை இன்னொருவரிடம் தள்ளிவிடுவதை 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் அனுமதிக்கவில்லை. நீங்கள் ஒழுங்காகக் கட்டினாலும் அவர் அந்தப் பணத்தைப் பேங்குக்குக் கட்டாமல் விடலாம். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் பேங்க் நோட்டீஸ் அனுப்பும், 21 நாள் கழிந்ததும் வண்டியை எடுத்துப் போகலாம். நோட்டீஸ் அவர் வீட்டுக்குத்தான் போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் அவர் பெயரில் இருக்கும். ஐந்து வருஷம் கட்டி முடித்தாலும் வண்டியின் உரிமைப் பத்திரமான கெரான் அவர் பெயரில்தான் வரும், அன்று அவர் மனசு எப்படி இருக்குமோ. அந்த 3,000 வெள்ளியை முன்பணமாக வைத்து உங்கள் பெயரிலேயே ஒரு சின்ன அக்சியா பாருங்கள்.

கேள்வி: மகளுக்கு முதல் வேலை கிடைத்திருக்கிறது. புது வண்டி எடுக்க 30,000 வெள்ளி கடன். ஒன்பது வருஷம் போட்டால் தவணை குறைவு என்கிறார் சேல்ஸ்மேன். என்னை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். 3.5 விழுக்காடு நிலையான வட்டி என்று வைத்துக்கொண்டால், ஏழு வருஷத்துக்கு வட்டி 7,350 வெள்ளி, மாதத் தவணை சுமார் 445. ஒன்பது வருஷத்துக்கு வட்டி 9,450, தவணை சுமார் 365. மாதம் 80 வெள்ளி குறையும், மொத்தத்தில் 2,100 வெள்ளி கூடும். அதைவிட முக்கியம் ஒன்று: நிலையான வட்டி என்றால், இந்த 3.5 விழுக்காடு கட்டக் கட்டக் குறையும் அசலுக்குப் போடுவதில்லை, முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வருஷம் வரை போடுவது. வீட்டுக் கடன் போலக் கணக்கிட்டால் அது 6 விழுக்காட்டைத் தாண்டும்.

எங்கள் கருத்து, ஏழு வருஷத்துக்கு மேல் வேண்டாம். பெரோடுவா, புரோட்டோன் புது வண்டிகளுக்கு உத்தரவாதம் ஐந்து வருஷம் அல்லது 1,50,000 கிலோமீட்டர். ஒன்பது வருஷக் கடனில், கடைசி நான்கு வருஷம் தவணையும் ரிப்பேரும் ஒன்றாகத் தலையில் விழும். ஏழு வருஷத் தவணை தாங்காது என்றால் வண்டியைச் சிறியதாக்குங்கள், கடனை நீட்டாதீர்கள்.

ஜாமீன் விஷயத்தில், சொந்த உபயோகத்துக்கான வண்டிக் கடனுக்கு லாபம் கருதாமல் ஜாமீன் நிற்பவரைச் சட்டம் சமூக ஜாமீன்தாரர் என்கிறது. 2017 அக்டோபர் முதல் அப்படிப்பட்டவரை பேங்க் திவாலாக்க முடியாது. ஆனால் பாக்கியைக் கேட்டு வழக்குப் போட முடியும், உங்கள் கடன் பதிவிலும் அது நிற்கும். மகளை நம்பிப் போடுகிறீர்கள், போடுங்கள். ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை மட்டும் கையோடு வாங்கி வீட்டில் வையுங்கள்.

கேள்வி: புரோட்டோன் சாகா சிவிடி (பெல்ட்டில் ஓடும் ஆட்டோ கியர்) மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– மோட்டார் மெக்கானிக், சுங்கை சிப்புட்

பதில்: 2011-இல் வந்த எஃப்எல்எக்ஸ் முதல் 2019 மாற்றத்துக்கு முன் வரை வந்த சாகா ஆட்டோ சிவிடி. 2019 ஆகஸ்டில் வந்த மாடலிலிருந்து நான்கு ஸ்பீடு ஹூண்டாய் ஆட்டோ கியர். இரண்டில் விலை கொஞ்சம் கூடினாலும் பிந்தியதையே எடுங்கள். சிவிடி கெட்டால் ரிப்பேர் செலவு வண்டி மதிப்பில் பெரும் பங்கைத் தின்றுவிடும். மேனுவல் சாகா என்றால் தயங்காமல் வாங்கலாம், தோட்டத்து ரோட்டுக்கு அதன் சஸ்பென்ஷன் நன்றாகத் தாங்கும்.

கேள்வி: பழைய வண்டியில் 55 விழுக்காடு என்சிடி (கிளைம் செய்யாததற்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி) இருக்கிறது. வண்டியோடு போய்விடுமா? வண்டியை என்ன செய்வது?
– ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

பதில்: போகாது. என்சிடி உங்களுடையது, வண்டியினுடையது அல்ல. 25, 30, 38.33, 45 என்று ஏறி 55-ஐத் தொட ஐந்து வருஷம் ஆகும், அதை வீணாக்காதீர்கள். பழைய இன்சூரன்ஸை ரத்து செய்து, அதை உங்கள் பெயரில் பதியும் அடுத்த வண்டிக்கு மாற்றச் சொல்லி ஏஜெண்டிடம் கேளுங்கள். வெள்ளத்துக்கான காப்பும் முன் கண்ணாடிக் காப்பும் தானாக வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். செம்பனை லோரிக்குப் பின்னால் ஓட்டுபவர்களுக்குக் கண்ணாடிக் காப்பு அவசியம். அதை எடுத்துக்கொண்டவர் கண்ணாடிக்கு மட்டும் கிளைம் செய்தால் என்சிடி குறையாது.

வண்டியை விற்பதானால் சோதனை நிலையத்தில் பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை முடித்து, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பெயர் மாறும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள். பெயர் மாறாத வண்டிக்கு வரும் அபராதச் சமன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். இரும்புக் கடைக்குக் கொடுப்பதானால் ஜேபிஜேயில் பதிவை ரத்து செய்த தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புது வண்டி எடுப்பவர்கள், பழைய வண்டியைக் கழிவுக்குக் கொடுத்தால் தள்ளுபடி உண்டா என்று ஷோரூமில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கண்ணாடியில் டோல் ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வண்டி கை மாறும் அன்றே செயலியில் அதன் இணைப்பை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் போகும் டோலுக்கு உங்கள் கணக்கில் காசு கழியும்.